போலோவைக் குடுத்த மட்டக்குதிரை – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதில்ல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன், "இன்னைக்கு உலகம் பூரா காசுக்காரங்க ஆடுற போலோ மணிப்பூர்ல இருந்து போனதுதான், ஆனா அந்த விளையாட்டைக் குடுத்த குதிரை இப்ப ஆயிரத்துச் சொச்சத்துல வந்து நிக்குது"ன்னு. அவ்வளவுதான், மெயிலும் கடிதாசியும் குவிஞ்சிடுச்சு. கிரிக்கெட், மாமியார், வருமான வரி கேள்வி அனுப்புனவங்க எல்லாம் அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க, இந்த வாரம் மொத்தப் பக்கமும் குதிரைக்கே.

போலோ வெள்ளைக்காரன் விளையாட்டுன்னுதானே சார் படிச்சிருக்கோம்? எதை எடுத்தாலும் நம்ம ஊர்லதான் பொறந்துச்சுன்னு அடிச்சு விடுற கோஷ்டில நீங்களும் சேர்ந்துட்டீங்களா?

சேரல சார். குதிரை மேல உக்காந்து கோலால பந்தடிக்கிற ஆட்டம் பாரசீகத்துலயும் மத்திய ஆசியாவுலயும் ரொம்ப காலமா இருக்கு, அதை யாரும் மறுக்கல. ஆனா இன்னைக்கு அர்ஜென்டினாவுலயும் இங்கிலாந்துலயும் ஆடுறாங்களே அந்த போலோ, அது வெள்ளைக்காரங்க கைக்குப் போனது மணிப்பூர்க்காரங்ககிட்ட இருந்துதான், அதுக்கு தேதி கிழமையோட கணக்கு இருக்கு.

1819ல பர்மா படை மணிப்பூருக்குள்ள வந்து ஏழு வருஷம் ஊரையே சூறையாடுச்சு, மைத்தேயி மக்கள் அந்தக் காலத்தை 'சாஹி தரேத் குந்தாக்பா'ன்னு இன்னும் சொல்லிட்டு இருக்காங்க, ஏழு வருஷப் பேரழிவு. அப்ப உசுரக் கையில புடிச்சுக்கிட்டு பக்கத்துல, இப்ப அசாம்ல இருக்குற கச்சார் பக்கம் ஓடுனவங்க குதிரையையும் ஆட்டத்தையும் கூடவே கொண்டு போனாங்க. கச்சார்ல தேயிலைத் தோட்டம் போட வந்த வெள்ளைக்காரங்களும் பட்டாளத்துக்காரங்களும் இதை வேடிக்கை பார்த்து, அப்புறம் இவங்களே இறங்கி ஆட ஆரம்பிச்சு, ஜோசப் ஷெரர்னு ஒரு ராணுவ அதிகாரியும் ராபர்ட் ஸ்டூவர்ட்டும் சேர்ந்து 1859ல சில்சார்ல கிளப்பே தொடங்கிட்டாங்க. 1862ல கல்கத்தா கிளப். 1869ல இங்கிலாந்துல பத்தாவது ஹுஸார்ஸ் படைக்காரங்க முதல் மேட்ச் ஆடுனாங்க. ஓடிப்போன அகதிங்க கையில எடுத்துட்டுப் போன ஒரு ஆட்டம் அம்பது வருஷத்துல லண்டன் போய்ச் சேர்ந்திருக்கு, யோசிச்சுப் பாருங்க.

மணிப்பூர்ல அதுக்குப் பேரு சகோல் காங்ஜெய். பக்கத்துக்கு ஏழு பேர், கோல் கம்பமே கிடையாது, எதிராளியோட கடைசிக் கோட்டை பந்து தாண்டுனா கோல். மூங்கில் வேர்ல செஞ்ச பந்து. பந்தைக் கையில புடிச்சு மேல தூக்கிப் போட்டு அடிக்கவும் செய்யலாம், சர்வதேச போலோவுல இதெல்லாம் நடக்காது. இம்பால் நகரத்துக்கு நடுவுல மாப்பல் காங்ஜெய்பூங்னு ஒரு மைதானம் இருக்கு, இன்னைக்கும் ஆட்டம் நடக்குற போலோ மைதானங்கள்லயே ரொம்பப் பழசு அதுதான்னு சொல்லுவாங்க.

பார்க்க எப்படி இருக்கும் அந்தக் குதிரை? போட்டோவுல கழுதை சைஸுக்குதான் தெரியுது.

கழுதைன்னு மணிப்பூர் போய் சொல்லிடாதீங்க. மட்டக்குதிரை அது, ஆங்கிலத்துல போனி. உயரம் 11ல இருந்து 13 'ஹேண்ட்' வரைக்கும், ஒரு ஹேண்ட்னா நாலு இன்ச், அப்ப 44 இன்ச்ல இருந்து 52 இன்ச். நாலடி முன்னப்பின்னன்னு வச்சுக்கங்க. இதைத் தலை உச்சியில அளக்க மாட்டாங்க, கழுத்து முடிஞ்சு முதுகு தொடங்குற மேட்டுல அளப்பாங்க.

ஆளு குட்டைதான், ஆனா முழு ஆம்பளையைத் தூக்கிக்கிட்டு பிச்சுக்கிட்டு ஓடும், ஓடுற ஓட்டத்துல சட்டுன்னு நிக்கும், அந்த எடத்துலயே திரும்பும். சண்டைக்கு வளர்த்த குதிரைங்க, அப்படித்தான் இருக்கும். 18ம் நூற்றாண்டுல பாம்ஹெய்பான்னு ஒரு ராஜா, கரீப் நிவாஸ்னும் சொல்லுவாங்க, இந்தக் குதிரைப் படையை வச்சுத்தான் பர்மாவுக்குள்ள புகுந்து அடிச்சார். அரம்பைன்னு ஒரு எறி ஈட்டி, ஓடுற குதிரைல இருந்தே பின்னாடி துரத்துறவன் மேல வீசுவாங்க. ஆறடி உயரக் குதிரை வச்சிருந்தவனுக்கெல்லாம் அந்த சதுப்பு நிலத்துல இந்த வேலை நடந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

அதுக்கு றெக்கை இருந்துச்சுன்னு ஒரு யூடியூப் சேனல்ல சொன்னாங்களே அண்ணே?

புராணத்துல இருந்துச்சு தம்பி. சமதோன் அயாங்பான்னு பறக்குற குதிரை. மார்ஜிங்ங்கிற தெய்வத்தோட சம்பந்தப்பட்டது, குதிரைக்கும் போலோவுக்கும் அவர்தான் சாமி. சேனல்காரங்க அதை டைனோசர் மாதிரி நிஜமாவே எலும்புக்கூடு கிடைச்ச கணக்கா பேசியிருப்பாங்க, விடுங்க.

இவ்வளவு பெருமை இருக்குற குதிரை ஏன் அழியுது? வேட்டையா ஆடிட்டாங்க?

வேட்டை ஒண்ணும் இல்ல. மேயுறதுக்கு எடம் போச்சு, செய்யுறதுக்கு வேலை போச்சு. ரெண்டும் சேர்ந்து போனதுதான் சிக்கல்.

முதல்ல நம்பரைச் சொல்லிடுறேன். கால்நடைக் கணக்கெடுப்பு படி 2003ல மணிப்பூர்ல 1,898 குதிரை. 2007ல 1,218. 2012ல 1,101. 2019ல 1,089. பதினாறு வருஷத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா காணாமப் போயிருக்கு. (நாடு முழுக்க எல்லாக் குதிரையும் சேர்த்தே 2012ல ஆறே கால் லட்சமா இருந்தது 2019ல மூணரை லட்சத்துக்குக் கீழ போயிடுச்சு, அது தனி சோகம்.) 2013ல மணிப்பூர் அரசே இது அழியுற நிலைல இருக்குற இனம்னு அறிவிச்சுது.

இப்ப மேய்ச்சல். நாமெல்லாம் குதிரைன்னா லாயம், கொள்ளு, சேணம்னு யோசிப்போம். மணிப்பூர்ல பழக்கமே வேற, சொந்தக்காரர் தேவைப்படும்போது புடிச்சுட்டு வருவார், மத்த நேரம் அவுத்து விட்டுடுவார். பள்ளத்தாக்கு முழுக்க தண்ணி தேங்குற சதுப்பு நிலம், அங்க முளைக்குற புல்லைத் தின்னுட்டு கூட்டமா திரியும், இனப்பெருக்கமும் அங்கயே நடந்துக்கும், யாரும் தீவனத்துக்குன்னு காசு செலவழிச்சதில்ல. நம்ம ஊர்ல மேய்க்கால் புறம்போக்கு இருந்த வரைக்கும்தான் ஆடு மாடு வச்சிருந்தவன் நிம்மதியா இருந்தான் இல்லையா, அதே கதைதான். இம்பால் ஊர் பெருக்கப் பெருக்க லாம்பெல்பாட் மாதிரி சதுப்பெல்லாம் மண்ணடிச்சு கட்டடமா மாறிடுச்சு. அந்தப் பக்கம் லோக்தாக் ஏரில 1983ல இத்தாய் அணை வந்த பிறகு தண்ணி மட்டம் ஏறி சுத்துப்பட்டு வயலும் மேய்ச்சல் காடும் முங்கிப் போச்சு. ஒரு பக்கம் தண்ணியை வடிச்சு நிலமாக்குனாங்க, இன்னொரு பக்கம் நிலத்தைத் தண்ணியாக்குனாங்க, நடுவுல மாட்டுனது குதிரை.

புல்லு இல்லன்னா அது எங்க போகும், ரோட்டுக்குத்தான் வரும். வந்துச்சு. லாரில அடிபட்டுச்சு, குப்பைத் தொட்டில வாய வச்சுச்சு. இதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, குதிரையால வாந்தி எடுக்க முடியாது. வயித்தோட வாசல்ல இருக்குற தசை அவ்வளவு இறுக்கம், உள்ள போனது போனதுதான், மேல திரும்பி வராது. அதனால பிளாஸ்டிக் பையத் தின்னுட்டா குடல்ல அடைச்சு வயித்துவலில துடிச்சுத்தான் சாகும். மாட்டுக்காவது நாலு அறை வயிறு, பிளாஸ்டிக்க உள்ள வச்சுக்கிட்டே கொஞ்ச நாள் தள்ளும், குதிரைக்கு அந்த அவகாசமும் இல்ல.

அடுத்தது வேலை. சண்டை எப்பவோ முடிஞ்சிடுச்சு, பாரம் சுமக்க வண்டி வந்துடுச்சு, பாக்கி இருந்தது போலோ மட்டும்தான். அந்த போலோவே கையை விட்டுடுச்சுங்க. ஆரம்பத்துல போலோவுல குதிரை உயரத்துக்கு வரம்பு வச்சிருந்தாங்க, மெல்ல மெல்ல அதை ஏத்தி 14 ஹேண்ட் ரெண்டு இன்ச் வரைக்கும் கொண்டு வந்து, முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட வரம்பையே எடுத்துட்டாங்க. அப்புறம் என்ன, ரேஸ் குதிரை ரத்தம் கலந்த பெரிய குதிரைங்கதான் ஓடுச்சு, அர்ஜென்டினாக்காரன் அதையே ஒரு தொழிலா வளர்த்துட்டான். மணிப்பூர்க் குதிரைக்கு மணிப்பூரை விட்டா வெளிய மைதானமே இல்லாமப் போச்சு. சொந்த ஊர்லயும் சீசன் முடிஞ்சா அதை வச்சு வருமானம் கிடையாது. தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்குறவருக்கு வருஷம் பூரா செலவு, ஆடுறது சில வாரம். எத்தனை நாளைக்குத்தான் பெருமைக்காக ஒருத்தர் வளர்ப்பார் சொல்லுங்க.

120 அடி உயரத்துக்குச் சிலை வச்சாங்களே, அந்தக் காசுக்குப் புல்லு வாங்கிப் போட்டிருக்கலாமே?

உங்க கோபம் புரியுது. இம்பால் கிழக்குல ஹெய்ங்காங் மார்ஜிங் மலைல 2023 ஜனவரில திறந்தாங்க, குதிரை மேல போலோ ஆடுற வீரர் சிலை. நான் சிலைக்கு எதிரி கிடையாது. ஒரு சின்ன மாநிலம் தன்னோட பெருமையை ஊருக்குத் தெரியுற மாதிரி நிறுத்தி வைக்குறதுல என்ன தப்பு, அதைப் பார்க்க நாலு பேர் வந்தா அவன் கேக்குற முதல் கேள்வியே நிஜக் குதிரை எங்கன்னுதான் இருக்கும்.

ஆனா 2016லயே 'மணிப்பூர் போனி பாதுகாப்பு மற்றும் மேம்பாட்டுக் கொள்கை'ன்னு ஒண்ணு மாநில அரசு கொண்டு வந்துச்சு, கொள்கை எழுதுறது சுலபம், செஞ்சு காட்டுறதுதான் கஷ்டம். சிலை ஒருதடவை வச்சா நிக்கும், மேய்ச்சல் நிலத்தை அப்படி விட முடியாது, வேலி போடணும், ஆக்கிரமிப்பைத் தடுக்கணும், வெள்ளத்துல புல்லு அழுகுனா அந்த மாசத்துக்குத் தீவனம் குடுக்கணும், வருஷா வருஷம் பட்ஜெட்ல காசு ஒதுக்கணும். திறப்பு விழா இல்லாத வேலை எல்லாமே அரசாங்கத்துக்குக் கசக்கும், இது எந்த மாநிலமா இருந்தாலும் சரி. அதுக்கு மேல 2023 மே மாசத்துல இருந்து அங்க வெடிச்ச கலவரம். மனுஷங்களே முகாம்ல கிடக்குறப்போ குதிரைக்கு யார் புல்லு பார்ப்பாங்கன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. அந்தக் கலவரத்துல பர்மா எல்லைல இருக்குற மோரே ஊர்ல தலைமுறையா இருக்குற நம்ம தமிழ்க் குடும்பங்களும் மாட்டிக்கிட்டாங்க, பர்மாவுல இருந்து வந்து அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டி வாழுறவங்க, அதைப் பத்தி ஒரு தனி இதழே எழுதலாம்.

நான் பயோடெக் படிக்கிறேன். விந்தை உறைய வச்சுட்டா எப்ப வேணா குதிரையை உருவாக்கிக்கலாமே, ஏன் இவ்வளவு கவலை?

உறைய வைக்கணும்மா, வைக்கிறாங்களும்கூட. ஹரியானாவுல ஹிசார்ல 1985ல தொடங்குன தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கு, ராஜஸ்தான் பிகானேர்ல அதோட கிளை. சுதேசி இனங்களோட விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன்ல வச்சிருக்காங்க. 2023 மே மாசம் பிகானேர்ல மார்வாரி இனத்துல கருமாற்று முறைல, அதாவது ஒரு குதிரையோட கருவை எடுத்து இன்னொண்ணு வயித்துல வச்சு, வாடகைத் தாய் குதிரைக்கு ஒரு பொட்டைக் குட்டி பொறந்துச்சு, 'ராஜ் பிரதமா'ன்னு பேரு வச்சாங்க. அடுத்த வருஷம் உறைய வச்ச கருவுல இருந்தே 'ராஜ் ஹிமானி' பொறந்துச்சு. நம்ம விஞ்ஞானிங்க கெட்டிக்காரங்கதான்.

ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு குதிரை சினையானா ஈனுறதுக்குப் பதினோரு மாசம், ஒரு ஈத்துக்கு ஒரே குட்டி, அந்தக் குட்டி சினைக்குத் தயாராக மூணு வருஷம். கோழி மாதிரி அடை வச்சு ஏத்த முடியாது. அதுக்கு மேல இன்னொரு பிடி இருக்கு, 200 பொட்டைக் குதிரை இருந்தும் பொலிக்கு விடுறது வெறும் 10 ஆண்ணு வைங்க, மொத்தம் 210 தலை இருக்கேன்னு நாம சந்தோஷப்படுவோம், மரபியல் கணக்குல அது 38 குதிரை இருக்குற கூட்டத்துக்குதான் சமம். நாலால ஆணையும் பெண்ணையும் பெருக்கி ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும், நீங்க படிச்சிருப்பீங்க. இந்த எண் 50க்குக் கீழ போகவிடக் கூடாதுன்னு பொதுவா சொல்லுவாங்க, போனா அண்ணன் தங்கச்சிக்குள்ளயே கலப்பு ஆகி குட்டி தங்காது, நோய் தாங்காது. அதே 200க்கு 40 ஆண் விட்டா எண் 133க்கு எகிறிடும். அப்ப தலைய எண்ணுனா பத்தாது, எந்தக் குட்டிக்கு எது அப்பன்னு பதிவேடு வேணும். அவுத்து விட்டு மேய்ச்ச கூட்டத்துல அந்தப் பதிவேடு எங்க இருந்து வரும்? உங்க மாதிரி படிச்ச புள்ளைங்க போய் ரத்த மாதிரி எடுத்து டி.என்.ஏ. பார்த்து அப்பன் யாருன்னு எழுதுனா, நைட்ரஜன் டேங்க்ல எதை எடுத்து வைக்கணும்னே அப்பதான் தெரியும்.

இன்னொண்ணு, உறைஞ்ச விந்துல இருந்து குட்டியை வரவச்சாலும் அதை விடுறதுக்குப் புல்லுக்காடு வேணுமே, அதை எந்த டேங்க்ல வைப்பீங்க?

பெரிய குதிரையோட கலப்பு பண்ணி உயரத்தை ஏத்திட்டா வெளிநாட்டு போலோவுக்கே அனுப்பலாமே. ஏன் யாருக்கும் இந்த ஐடியா தோணல?

தோணாம இல்ல, அதுதான் பயமே. ஒரு தூய மணிப்பூரிப் பொட்டைக் குதிரைக்கு வெளி ஆணை விட்டா, அந்த வருஷம் அது வயித்துல வரவேண்டிய தூயக் குட்டி ஒண்ணு கட். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம், அதுல ஈனுற வயசுல இருக்குறது எவ்வளவு இருக்கும்? நாலஞ்சு தலைமுறை இப்படி விளையாடுனா உயரமான குதிரை கிடைக்கும், அதுக்கு வேற பேர் வச்சுக்க வேண்டியதுதான். அதோட கால் நீளமானா தீனியும் கூடும். கம்மித் தீனில தாக்குப் புடிக்குறதுதான் இந்த இனத்தோட சொத்து. கர்னால்ல இருக்குற தேசியக் கால்நடை மரபுவளப் பணியகம் பதிவு பண்ணி வச்சிருக்குற குதிரை இனமே விரல்விட்டு எண்ணுற அளவுதான்: மார்வாரி, கத்தியவாரி, ஸ்பிதி, ஸன்ஸ்காரி, பூட்டியா, கச்சி சிந்தி, மணிப்பூரி, இப்ப கடைசியா மகாராஷ்டிராவோட பீம்தடி. இதுல மார்வாரிக்கு ஜமீன் குடும்பமும் கல்யாண ஊர்வலமும் துணைக்கு இருக்கு, லட்சக்கணக்குல விலை போகுது, அதனால தப்பிச்சுக்கும். மணிப்பூரிக்கு அந்த மாதிரி பணக்கார மாமன் யாரும் கிடையாது.

எனக்கு ரெண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கு, ஒரு மணிப்பூர்க் குதிரை வாங்கி வளர்க்க ஆசை. மானியம் கிடைக்குமா?

நல்ல மனசுதான், ஆனா வேணாம். ஒத்தையா ஒரு குதிரையை இங்க கூட்டிட்டு வந்தீங்கன்னா அது இனப்பெருக்கத்துல இருந்து வெளிய போயிடும், உங்க தோப்புல அழகா நிக்கும், அங்க ஒரு தலை குறைஞ்சிருக்கும். குதிரை தனியா வாழுற ஜாதியும் இல்ல, கூட்டம் இல்லன்னா ஏங்கிப் போயிடும்.

மானியம்னு கேட்டா, 2024 பிப்ரவரில தேசியக் கால்நடை இயக்கத்துல குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தாங்க. தனி ஆள், சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் அமைப்புன்னு யார் தொழிலாத் தொடங்குனாலும் மூலதனத்துல 50 சதவீதம், அதிகபட்சம் 50 லட்சம் வரை. இனப் பாதுகாப்புக்கு மாநில அரசுகளுக்கும் உதவி உண்டு, விந்து நிலையம், இனவிருத்திக்கான மூலப் பண்ணை அமைக்க மத்திய அரசு 10 கோடி தர்றதாச் சொல்லியிருக்கு. இந்தக் காசு இம்பால் பள்ளத்தாக்குல குதிரை வச்சிருக்குறவங்க ஒண்ணாக் கூடி ஒரு குழுவா எழுதிப் போட்டு வாங்குனா நல்லா இருக்கும்னு என் ஆசை. உங்க தோப்புக்கு நல்ல நாட்டுமாடு ஒண்ணு வாங்கி விடுங்க.

பொண்ணுங்க போலோ ஆடுறாங்களா அங்க?

நல்லாவே ஆடுறாங்க. 2016 ஜனவரில இருந்து மணிப்பூர் மாநில நாளையொட்டி பெண்களுக்குன்னே போலோ போட்டி தொடங்கி, வெளிநாட்டு அணிங்க வந்து ஆடிட்டுப் போயிருக்காங்க. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, வந்தவங்க சொந்தக் குதிரையைக் கப்பல்ல ஏத்திட்டு வரல, மணிப்பூர் மட்டக்குதிரை மேலதான் ஏறி ஆடணும். அமெரிக்காவுல ஆளுயரக் குதிரை ஓட்டிப் பழகுனவங்களுக்கு இது வேற மாதிரி ஆட்டம். நான் மேல புலம்புனேனே குதிரைக்கு வேலை இல்லன்னு, இது வேலை. ஒரு டோர்னமென்ட் நடக்கணும்னா பழக்குன குதிரை பத்து இருபது வேணும், அதை வச்சிருக்குறவருக்கு வாடகை வரும், வாடகை வந்தா அடுத்த வருஷம் ஒரு குட்டி சேர்த்து வளர்ப்பார். 1991ல இருந்து சர்வதேசப் போட்டியும் நடத்திட்டு வந்திருக்காங்க. நிலைமை சரியாகி வண்டி ஓட ஆரம்பிச்சதும் நவம்பர் மாசத்துல போங்க, மணிப்பூரோட சுற்றுலாத் திருவிழாவான சங்காய் திருவிழா நடக்குற சமயம், குளிரும் பரவாயில்ல. ஊட்டி, கொடைக்கானலே எத்தனை தடவைதான் போவீங்க.